மழையில் தட்டிய பெட்டி

கம்பனியில் புதிதாக ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கும்படி போன மாதம் என்னைக் கேட்டார்கள். கேட்க வந்தவர் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். நான்கு பேர் முன்னால் நின்று என்னால் பேச முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோரில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே மனிதர்களைவிடச் சாமான்களோடுதான் அதிக நேரம் இருக்கலாம். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்றேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் தன் போனில் இப்போதைய படிவத்தைக் காட்டினார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சாமான் வைக்கிற இரும்புக் கொன்டெய்னரைத் தினமும் காலையில் சோதித்து நிரப்ப வேண்டிய படிவம். எங்கள் பேச்சில் அது வெறும் பெட்டி. "கதவு தடையில்லாமல் திறந்து மூடுகிறதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லா நாளும் ஆம், ஆம் என்றே விழுந்திருந்தது.

"திறந்து பாத்துத்தான் போடுறீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"சாமான் எடுக்க எப்படியும் திறக்கத்தானே போறாங்க அண்ணே," என்றார்.

அவர் போன பிறகு அந்தக் கேள்வி என் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் கதவைப் பற்றியே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் கண்டிக்கு வந்து சீமெந்து மூடை சுமந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு கங்காணி சொன்னதால் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஹமீத் நானாவிடம் சேர்ந்தேன். கண்டிப் பக்கம் மடவளைக்காரர்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கம்பனி வேலை நடக்கிற எல்லா இடத்திலும் உள்ள பெட்டிகளைச் சுற்றிப் பார்ப்பது அவர் பொறுப்பு. மெலிந்த ஆள். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதில் வரும் வரைக்கும் சும்மா நிற்பார். அவர் அப்படி நிற்பதற்குப் பயந்து பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவர் பெட்டியைப் பார்க்கும் முறை இது. முதலில் கதவுப் பக்கம் போக மாட்டார். ஒரு கையை இரும்புச் சுவரில் வைத்தபடி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நான்கு மூலைகளும் எதன் மேல் இருக்கின்றன, அடியில் போட்ட ரயில் சிலிப்பர் கட்டை அழுந்தியிருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து காற்றில் அடிபடாமல் கொக்கியில் மாட்டுவார். திறந்த உடனே உள்ளே போக விடமாட்டார். ஓரமாக நிற்கச் சொல்வார்.

"அது மொதல்ல மூச்சு விடட்டும்," என்பார்.

அதன் பிறகு காலைத் துடைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டுக்குள் போவதுபோல் போவார். பின்சுவர் வரை நடந்து அதைக் கையால் தொடுவார். சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு வைத்திருந்தார். அதைத் தரையின் நடுவில் வைத்து விரலை எடுப்பார். குண்டு நின்றால் சரி. மாலையில் பூட்டும்போதும் பின்சுவரைத் தொட்டுவிட்டு வந்து, "ஆள் இல்ல," என்று வாய்விட்டுச் சொல்லிப் பூட்டுவார். தனியாக இருந்தாலும் சொல்வார்.

"யாருக்கு நானா சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்குத்தான். வாயால சென்னாத்தான் பாத்தேனா இல்லையாண்டு எனக்கே தெரியும்."

அது ஏன் என்று பிலிமத்தலாவையில் புரிந்தது. அங்கே ஒரு கடைத்தொகுதி கட்டிக்கொண்டிருந்தோம். பெயின்ட் அடிக்கிற ஒருவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலுக்காகப் பெட்டிக்குள் போய்ப் படுத்தார். கதவைக் கொக்கியில் மாட்டவில்லை. காற்று சாத்திவிட்டது. உள்ளே பெயின்ட் கரைக்கும் தின்னர் டின் ஒன்று மூடி சரியாக இறுகாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்போது காற்றுப் போகும் துளைகளுக்கு முன்னால் சாமான் அடுக்கி வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வெறும் மூலையைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூலையைக் காட்டி, "இவரு ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு, ஒரு டீ சொல்லுங்க," என்றார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வந்துவிட்டார். யாரோடு பேசினோம் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு தின்னரும் காஸ் சிலிண்டரும் தனியாக வெளியே கம்பி வலைக் கூட்டுக்குப் போயின. நானும் பூட்டும்போது "ஆள் இல்ல" என்று சொல்லப் பழகினேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகும் ரோட்டில், மலையை வெட்டிச் சமதளமான தட்டாக்கி ஒரு ஹோட்டல் கட்டினார்கள். வெட்டிய பக்கம் தரை கல் மாதிரி. வெட்டிய மண்ணைக் கொட்டிச் சமன் செய்த பள்ளத்துப் பக்கம் மெத்தை மாதிரி. கெட்டியான பக்கத்தை இஞ்சினியர் ஆபீசுக்கும் இரும்புக் கம்பிக்கும் எடுத்துக்கொண்டார்கள். என் பெட்டிக்குக் கிடைத்தது நிரப்பிய மண். சிலிப்பர் கட்டை போட்டு லொறியிலிருந்து இறக்கி வைத்த அன்று எல்லாம் நேராகத்தான் இருந்தது. மழை இல்லாத மாதம் அது.

பெட்டியின் கதவு மலைப் பக்கம் பார்த்திருந்தது. அதற்கு மேலே ஒரு படி உயரத்தில் சமையல் கொட்டகை. பெட்டியின் முதுகுக்குப் பின்னால் தட்டின் விளிம்பு. விளிம்புக்குக் கீழே, ஓர் ஆள் உயரம் இறங்கினால், தகரத்தில் அடித்த ஒரு சின்ன அறை. சமையல் செய்யும் பாக்கியம் அக்காவும் அவர் புருசன் முத்தையாவும் அதில் இருந்தார்கள். காற்றை மேலே என் பெட்டி தடுக்கிறது என்பதால் அந்த இடத்தை அவர்களே கேட்டு வாங்கினார்கள். முத்தையா அண்ணன் மேசன். சாரத்திலிருந்து விழுந்து காலில் மாக்கட்டுப் போட்டு, பகலெல்லாம் அந்த அறையில்தான் படுத்திருந்தார்.

மழை தொடங்கி ஒரு கிழமை போனதும் பெட்டி தட்ட ஆரம்பித்தது. டொங் என்று ஒரு முறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. உள்ளே இருந்து ஒருவர் கையை மடக்கித் தட்டுவது போலவே இருக்கும். வெயில் பட்டால் இரும்பு தட்டும், அது எங்களுக்குத் தெரியும். அதனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. வெயிலே இல்லாத நாட்களில் தட்டுகிறதே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பிறகு சாமான்கள். பெயின்ட் டின்களை நான் பெயர் தெரிகிற மாதிரி வரிசையாக வைப்பேன். காலையில் பூட்டு அப்படியே இருக்கும். உள்ளே வரிசை கலைந்து, எல்லா டின்னும் வலது பின்மூலையை நோக்கி ஒரு விரல், இரண்டு விரல் நகர்ந்திருக்கும். ஒரு நாள் இடது சுவரைப் பார்த்தவன் கதவடியிலேயே நின்றுவிட்டேன். அங்கே ஆணியில் கயிறு கட்டித் தலைக்கவசங்களைத் தொங்கவிட்டிருந்தேன். ஒன்பதும் சுவரைத் தொடாமல், ஒரே அளவு தள்ளி, அந்தரத்தில் நின்றன. எதிர்ச் சுவரில் தொங்கியவை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. காற்றில்லை. ஒன்றுகூட ஆடவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இரண்டு நாளில் சைட் முழுக்க, பெட்டிக்குள் ஒருவர் இருக்கிறார் என்றாகிவிட்டது. துறைமுகத்தில் இந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் செத்ததாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் இரண்டு ஆள் என்றார்.

பாக்கியம் அக்கா எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவிக் கதவடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை கற்பூரத்தோடு வந்தார்.

"அக்கா, இங்க நெருப்பு கூடாது. பெயின்ட் இருக்கு," என்றேன்.

"உள்ள இருக்கிறவருக்கு ஒரு வெளிச்சம் காட்ட வேணாமா தம்பி? நீ மட்டும் டோர்ச் அடிச்சுப் பாக்குற."

"சட்டம் அக்கா. ஹமீத் நானா வந்தா என்னைய நிக்க வச்சுப் பாப்பாரு."

அவர் முகம் வாடிவிட்டது. கற்பூரத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, "சரி, அப்ப ஒண்ணாவது செய்யணும். கழுவுற தண்ணியெல்லாம் அது முகத்துக்கு முன்னாலதான் ஓடுது. எச்சித் தண்ணி. அதுதான் கோவம். வாய்க்காலப் பின்னால திருப்பி விடுவோம்," என்றார்.

சமையல் கொட்டகையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலாக என் கதவுக்கு முன்னால் போய், பக்கத்தில் கல் கட்டிய வடிகால் கானில் விழுந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பினால் பெட்டியின் முதுகுக்குப் பின்னால், விளிம்போரமாகப் போகும். கற்பூரத்துக்கு மறுத்த குற்ற உணர்ச்சி எனக்கு இருந்தது. வாசலில் சேறு இல்லாமல் போகும் என்ற ஆசையும் இருந்தது. ஸ்டோரிலிருந்து மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தில் "மண்வெட்டி ஒன்று, வாய்க்கால் வேலைக்கு" என்று எழுதியும் வைத்தேன். நெருப்பு விஷயத்தில் சட்டத்தைக் காப்பாற்றிய திருப்தியில், தண்ணீரைக் கொண்டுபோய் நிரப்பிய மண்ணுக்குள் விட்டேன். மழைத் தண்ணீரும் அதே வழியைப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு தட்டுவது இரண்டு நாள் நின்றது. பாக்கியம் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாத்தியா?" என்பது போல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் கதவு இறுகியது. இரண்டு கதவுகளின் மேல் விளிம்பும் ஒரு கோட்டில் இருக்க வேண்டும். வலது கதவு அரை விரல் இறங்கியிருந்தது. தாழ்ப்பாள் கம்பி அதன் வாயில் விழவில்லை. வெல்டர் சிறிபாலவைக் கூப்பிட்டு வாயைக் கொஞ்சம் தேய்க்கச் சொன்னேன். நன்றாக மூடியது. நான்கு நாளில் மறுபடி இறுகியது. மறுபடி தேய்த்தோம். அப்புறம் இன்னொரு முறை. மூன்று தடவையும் புத்தகத்தில் "கதவு சரி செய்யப்பட்டது" என்று எழுதினேன். வேலை தெரிந்த ஸ்டோர்காரன் என்று என் மனதுக்குள் ஒரு பெருமை.

அந்தக் கிழமை மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஹமீத் நானா பஸ்ஸில் வந்து இறங்கினார். வழக்கம்போல ஒரு கையைச் சுவரில் வைத்துச் சுற்றப் போனார். பின்பக்கம் போனவர் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். வாய்க்காலின் முன் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"இத வெட்டினது யாரு ராசு?"

அவர் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம், எலுமிச்சம்பழம், மண்வெட்டி. அவர் கதவுப் பக்கம் வந்தார். கதவைத் திறக்க இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. அது மூச்சு விடும் வரை ஓரமாக நின்றோம். உள்ளே போனார். அந்தரத்தில் நின்ற தலைக்கவசங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தரையின் நடுவில் குண்டை வைத்தார். அவர் விரலை எடுக்கும் முன்பே அது நழுவி, வலது பின்மூலையில் போய் இரும்பில் இடித்தது. வெளியே வந்து, இரண்டு பேரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, என் புத்தகத்தைப் புரட்டினார்.

"மூணு தரம் கதவத் திருத்தி ஈக்கிறீங்க."

"ஓம் நானா. நல்லா மூடுச்சு."

"கதவுல ஒரு பிழையும் இல்ல ராசு. கீழ மண் எறங்குது, பெட்டி முறுகுது. கதவு அத ஒங்களுக்குச் சென்னிச்சு. நீங்க அதுட வாயத் தேச்சு ஈக்கிறீங்க." பிறகு கேட்டார். "தட்டுற சத்தம் வெயில்லயா, மழையிலயா?"

"மழையில நானா."

குடையை எடுத்துக்கொண்டார். "நான் மேல போய் இஞ்சினியருக்குச் செல்லி வேலைய நிப்பாட்டுறேன். நீங்க கீழ போய் ஆக்கள எடுங்க. பெட்டிக்குள்ள ஒரு சாமானையும் எடுக்கப் போக வாணாம். அது போனாப் போகட்டும்."

தள்ளுவண்டியோடு சிறிபாலவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். தகர அறைக்குப் பின்னால் இருந்த மண்சுவரில், முன்பு வறண்டிருந்த இடத்தில், கலங்கல் தண்ணீர் ஊசிபோல் வந்துகொண்டிருந்தது. பாக்கியம் அக்கா புருசனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உடனே வெளிய வாங்க. மேல மண்ணு இளகிருச்சு. பெட்டி வந்துரும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முத்தையா அண்ணன் சிரித்தார். "ஸ்டோர்காரருக்குச் சாமான் பத்தாம இப்ப மனுசனையும் எடுத்து அடுக்கணுமாம்."

"கால ஆட்டக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு தம்பி. இந்த மழையில எங்க கொண்டுபோறது?" என்றார் அக்கா. "அது ஒண்ணும் செய்யாது. நேத்துத்தான் புதுப் பழம் வச்சேன். தண்ணியும் அது முகத்துல படாமப் போகுது. அதுக்கு ஒரு குறையும் இல்ல."

மண், தண்ணீர், பாரம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். அப்போது மேலே டொங் என்றது. தகரக் கூரை அதிர்ந்தது. நாங்கள் நால்வரும் மேலே பார்த்தோம்.

"உள்ள இருக்கிறது பேசிச்சுக்கா," என்றேன். "உங்களப் போகச் சொல்லுது."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

பாக்கியம் அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்கிறவன் இல்லை என்று சைட்டில் எல்லோருக்கும் தெரியும். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். புருசனின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். அவர் திட்டத் திட்ட, தள்ளுவண்டியில் தூக்கி வைத்து, சிறிபாலவும் நானும் மேலே ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் ஆனது. ஒரு மணி, இரண்டு மணி. வேலை நின்றதால் இஞ்சினியர் முகம் சிவந்திருந்தது. ரோட்டோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்ற ஆட்கள், "பெட்டி ராசுவோட உத்தரவுக்குக் காத்திருக்கு," என்று சிரித்தார்கள். மழை குறைந்தது. மலையிலிருந்து பனி இறங்கிப் பெட்டியை மூடும், விலகும். விலகும்போதெல்லாம் அது அதே இடத்தில் இருந்தது. கம்பளி எடுக்க ஒரு நிமிடம் போய்வருகிறேன் என்று பாக்கியம் அக்கா இறங்கப் பார்த்தார். ஹமீத் நானா பாதையின் குறுக்கே போய் நின்றார். அக்கா திரும்பி வந்தார்.

மூன்று மணிக்கு மேல் பனி ஒருமுறை விலகியபோது, பெட்டியின் வலது கதவு திறந்துகொண்டிருந்தது. காலையில் இரண்டு பேர் இழுத்த கதவு. யாரும் தொடவில்லை. சத்தமில்லாமல், ஒருவர் வெளியே வர வழி விடுவதுபோல் மெதுவாகத் திறந்தது. ரோட்டில் சிரிப்பு நின்றது. பெட்டி பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நின்றது. பிறகு விளிம்போடு சேர்ந்து கீழே போனது. முதலில் ஒரு பெருமூச்சு மாதிரித்தான் சத்தம். தகரம் நசுங்கிய சத்தம் அதற்குப் பிறகு வந்தது. பனி மறுபடி மூடியபோது அங்கே தட்டும் இல்லை, அறையும் இல்லை. பச்சை மண் வாசனை ரோடு வரைக்கும் வந்தது.

ஹமீத் நானா ஆட்களை எண்ணினார். எல்லோரும் இருந்தோம்.

மாலையில் தேநீர்க் கடையின் உள்ளே இருந்த மர வாங்கில் பாக்கியம் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். டீ அப்படியே இருந்தது. வாய்க்காலைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். நீங்கள் கேட்டதும் நான் மண்வெட்டி கொடுத்ததும்தான் காரணம், உள்ளே யாரும் இல்லை, யாரும் பேசவில்லை என்று சொல்ல நினைத்தேன். எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா," என்று ஆரம்பித்தேன்.

"இரு தம்பி. அது என்ன வார்த்தை சொல்லிச்சு? சொன்னத அப்படியே சொல்லு."

என்னிடம் வார்த்தை எதுவும் இல்லை. வாயில் இருந்தது ஒன்றுதான். "அக்கான்னு கூப்பிட்டுச்சு," என்றேன். இஞ்சினியர் முதல் லொறிக்காரர் வரை அந்த இடத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிற பெயர் அது.

அவர் கண்ணை மூடினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா தம்பி. எங்க தோட்டத்துல லயத்து வீட்டு மேல மண்ணு சரிஞ்சப்ப உள்ள படுத்திருந்தா. நான் பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தேன். அக்கா அக்கான்னு கூப்பிட்டிருப்பா. எனக்குக் கேக்கல." பிறகு கண்ணைத் திறந்து, என் கையைப் பிடித்துக் கேட்டார். "கோவமாவா கூப்பிட்டா?"

"இல்லக்கா," என்றேன். "அவசரமாத்தான்."

அவர் தலையை ஆட்டினார். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். நான் எழுந்து வெளியே வந்தேன். ஹமீத் நானா கடை வாசலில் நின்று, கம்பனிக்கு அனுப்பும் விபத்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். காரணம் என்று இருந்த இடத்தில் வாய்க்கால், மண்வெட்டி, மூன்று தடவை தேய்த்த கதவு எல்லாவற்றையும் எழுதி, என் பெயரைப் போட்டேன். பாக்கியம் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது.